பதினெட்டு கன மீட்டர்

காலை ஒன்பது ஐந்து. கதவில் இரண்டு தட்டு.
"தண்ணி!"
செட்டூபல் நகரில் முப்பத்தொரு வருஷமாக
யார் யாரோ வீட்டு வாசலில் அப்பா சொல்லும் சொல்.
என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

போன மாதம் வரை அவர் தட்ட வேண்டியிருக்கவில்லை.
சாவி அவருடையது, வீடு அவருடையது,
அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு எனக்கு,
கீழ்த்தட்டு தம்பி டேலியோவுக்கு.
இருபத்தெட்டு வயதில் காலை நீட்டினால்
சுவர் இடிக்கும்.

எத்தனை ஒப்பந்தம் என்று கேட்காதீர்கள்.
ஆறு மாதம். அப்புறம் மூன்று.
அப்புறம், பிரசவத்துக்குப் போன ஒருத்தி திரும்பும்வரை.
அவளுக்கு இரட்டைப் பிள்ளை என்று தெரிந்த அன்று
துறைமுக அலுவலகக் கழிப்பறையில் நின்று
வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.
அவள் வரவேயில்லை.
அவள் நாற்காலி, அவள் ஒட்டிவைத்த நாட்காட்டிப் பூனை
மார்ச் ஒன்று முதல் எனக்கு, நிரந்தரமாக.

நிரந்தரம்.
அம்மா அதை உப்புப் பார்ப்பதுபோல் வாய்க்குள் சொன்னாள்,
பிறகு எதிர்வீட்டு இர்மெலிண்டாவுக்குக் கேட்கிற மாதிரி
ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு முறை.

நானும் ஸுலெய்காவும் வீடு பார்த்தோம்.
கண்டெய்னர் எண்களை அவள் வாசிப்பாள், நான் அடிப்பேன்.
அவள் அப்பா அம்மா கேப் வெர்டேயில்;
பத்தொன்பது வயதிலிருந்து அவர்களுக்குப் பணம் அனுப்புகிறாள்.
என் கட்டில் கதையைச் சொன்னபோது
சிரித்தாள், கொஞ்சம் நீளமாகவே.

பன்னிரண்டாவது வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
சொந்தக் காலில் நிற்பது என்பார்கள்,
அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்தால் தெரியும்
கால் யாருடையது என்று.
வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை விளக்குக்கு எதிரே பிடித்தார்,
மூன்று மாத முன்பணம் என்றார்,
பிறகு, ஜாமீன் யார் என்றார்.

யாரையும் சார்ந்தவள் இல்லை என்று எழுதிக்கொடுக்க
அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது.
அவர் கண்ணாடியைத் தேடினார். எல்லாப் பக்கமும் படித்தார்.
மீட்டர் எண்ணை எழுதும் அதே சதுர எழுத்தில்
பெயரைப் போட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மட்டும்
ஞாபகமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இன்று சீருடையில் நிற்கிறார்.
காபி? என்றேன்.
இந்தத் தெருவில் இன்னும் நாற்பது கதவு என்றார்.
பாத்திரத் தொட்டிக்கடியில் மண்டியிட்டு டார்ச் அடித்தார்,
கையிலிருந்த கருவியில் தட்டினார்.
திரையில் என் முழுப் பெயர், இயோலாண்டா கமாஷு.
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாரோ,
இல்லை, வெளிச்சம் போதவில்லையோ.

"பதினெட்டு.
ரெண்டு பேருக்கு ஏழு போதும். எங்கேயோ ஒழுகுது."
வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.
எல்லோருக்கும் தரும் துண்டறிக்கையில் ஒன்றை எடுத்துத் தந்தார்.
அவர் இடுப்பில் ஸ்பேனர் தொங்கிக்கொண்டிருந்தது.
நான் கேட்கவில்லை. அவர் எடுக்கவில்லை.
பக்கத்துக் கதவில் இரண்டு தட்டு. "தண்ணி!"

ராத்திரி குழாய்களை எல்லாம் இறுக்கிவிட்டு
இருட்டில் உட்கார்ந்து காது கொடுத்தோம்.
ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ்தான் முனகியது.
கேக்குக்கு வாங்கிய சிவப்புச் சாயத்தில் நாலு சொட்டை
கழிப்பறைத் தொட்டியில் விட்டாள் ஸுலெய்கா.
கால் மணி நேரத்தில் பீங்கானில்
ரோஜா நிறத்தில் ஒரு கோடு,
எங்கள் சம்பளம் போகும் வழி.

ரப்பர் வளையம், இரண்டு யூரோ நாற்பது.
முதல் தடவை தலைகீழாக மாட்டினேன்.
இரண்டாவது தடவை சட்டையெல்லாம் சிவப்பு.
மூன்றாவது தடவை கோடு வரவில்லை,
ஒரு மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை.

அப்பாவைக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தாலும், போன் இன்னும்
அவர் கணக்கில்தான் ஓடுகிறது. அதையும் பார்க்க வேண்டும்.
அம்மாவின் சூப் டப்பாக்கள் மூன்று
கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. ஒன்றுக்கு மூடியைக் காணோம்.

இருபத்து மூன்றாம் தேதி வருவார்,
மண்டியிடுவார், டார்ச் அடிப்பார்.
நான் எதுவும் சொல்லப் போவதில்லை.
எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.